அக்கி ஆறின தோள்

ஏங்க,

மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ஃபிளாஸ்க்கில் டீ இருக்கு, இடியாப்பம் மூடி வைத்திருக்கிறேன். பதினோரு மணிக்கு நம்ம மகள் சாய்மா வருவாள். வந்ததும் வராததுமாக அவளிடம் என்னைப் பற்றிப் புலம்ப வேண்டாம்.

நேற்று சாயங்காலம் நீங்க தோளைத் தடவினப்போ கையைத் தட்டிவிட்டேன். முகம் வாடி எழுந்து போனீங்க. கோபம் என்று நினைத்திருப்பீங்க, சத்தியமா இல்லை. அக்கிக் கொப்புளமெல்லாம் ஆறிவிட்டது, அடியில் நரம்புதான் இன்னும் ஆறவில்லையாம். ஃபேன் காற்று பட்டால்கூட நெருப்பு வைத்த மாதிரி எரிகிறது. மாத்திரை மெதுவாகத்தான் கேட்கும் என்றார் டாக்டரம்மா.

உங்க தங்கச்சி மகள் நிக்காஹ்வுக்கு நான் வராததும் அதனால்தான். ஜரிகைப் புடவையைத் தோளில் போட முடியவில்லை. "என் ஜனம்னாலே உனக்கு ஆகாது"ன்னு நீங்க சொன்னதும் எனக்கு வீம்பு வந்துடுச்சு, காரணத்தைச் சொல்லவே இல்லை.

குல்சும்

இதையும் ஓரத்தில் எழுதிவிடுகிறேன்: லேசாகத் தொட்டால்தான் எரிகிறது. உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தேன், சுகமாகவே இருந்தது. அதனால் இனிமேல் தடவாதீங்க. நல்லா அழுத்திப் பிடிச்சுக்கோங்க.