அணைத்த பிறகும் ஓடும் மீட்டர்

கீழ்ப் பிரிவு,
நமுனுகுல.
நவம்பர் 4

துவாரகாவின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். பதுளையில் கடைச் சாப்பாட்டோடு நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன். தீபாவளிக்கு அனுப்பிய சட்டை துவாரகாவுக்குக் கொஞ்சம் பெரிது. அடுத்த வருஷமும் போடலாம்.

மர்ஸூக் நானா பஸ்ஸை நிறுத்தி உங்கள் கடிதத்தைக் கையில் தந்தார். "ஒரே டிஸ்ரிக்ல இருந்துக்கிட்டு புருசன் பொண்டாட்டிக்குக் காயிதம் சுமக்கிற கண்டக்டர் இந்த ரோட்டுல நான் ஒருத்தன்தான் தங்கச்சி" என்றார். சிரித்து வைத்தேன். கோயில் திருவிழாவுக்கு ஏன் வரவில்லை என்று போனில் கேட்டதற்கு நீங்கள் கத்திய கத்தலில் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டாள். அன்றைக்குத்தான் உங்கள் நம்பரை அடைத்தேன். கடிதத்தில் கத்த முடியாது பாருங்கள்.

இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்கு. நீங்கள் டவுனில் கரண்டுக்கு முன்கூட்டியே காசு கட்டி வாங்கி எழுதி அனுப்பும் ரீலோட் நம்பரை அடுப்படிச் சுவரில் இருக்கும் சின்னப் பெட்டியில் ஒவ்வொரு இலக்கமாக அடித்தேன். ஏற்றுக்கொண்டது. முன்பெல்லாம் அது மாதக் கடைசி வரை வரும். இந்த முறை ஒரு கிழமைக்குள்ளேயே மீதி குறைந்துவிட்டது என்று பெட்டி கீச் கீச்சென்று கத்துகிறது. நான் தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைக் காம்பராவுக்கு வேலைக்குப் போய்விடுகிறேன், இவள் பாடசாலைக்கு. வீட்டில் என்ன ஓடுகிறது? ஒரு பல்பு, காலையில் சோற்றுக் குக்கர்.

நேற்று எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படுத்தோம். துவாரகா எழுந்து உட்கார்ந்து, "அம்மா, பெட்டி இன்னும் முழிச்சுக்கிட்டு இருக்கு" என்றாள். போய்ப் பார்த்தேன். கரண்ட் செலவாகும்போது சிமிட்டும் அந்தச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. யாரும் எதையும் போடாத வீட்டில் யாருக்காக ஓடுகிறது? எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் என்று உங்களுக்கு எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஜெயந்தினி


பதுளை.
நவம்பர் 7

ஜெயந்தினிக்கு,

கடிதத்தில் கத்த முடியாது என்று எழுதியிருந்தாய். எனக்கு முடியும். துவாரகா எழுத்துக் கூட்டி வாசிப்பாளே என்று அடக்கிக்கொள்கிறேன். மகளுக்கு என் முத்தம்.

முதலில், பேய் பிசாசு என்று யாரிடமும் போய்ச் சொல்லாதே. கயிறு கட்டுகிறேன் என்று ஆள் வந்துவிடும். மீட்டர் ரோட்டோரக் கம்பத்தில் இருக்கிறது; அடுப்படிச் சின்னப் பெட்டி அதன் கணக்கைக் காட்டுவது மட்டும்தான். அங்கிருந்து நம் வீட்டுக்கு வரும் வயரை மரக்கிளை விழுந்து அறுக்கும் என்று மேலால் இழுக்காமல், குழாய்க்குள் போட்டு மூன்றடி ஆழத்தில் புதைத்தவன் நான். பதுளையில் பெரிய பெரிய வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன் சொந்த வீட்டில் கோட்டை விடுவேனா? அந்தக் குழாய் உடைய வழியே இல்லை.

நான் சொல்கிறபடி செய். காய்ந்த கையோடு, செருப்புப் போட்டுக்கொண்டு மெயின் சுவிட்சைக் கீழே போடு. சின்னப் பெட்டியை மெயினுக்கு முன்னால் பூட்டியிருப்பதால் அது அணையாது. இப்போது சிவப்பு விளக்கைப் பார். சிமிட்டாவிட்டால் கோளாறு வீட்டுக்குள்ளே, குக்கரிலோ கேத்தலிலோ. சிமிட்டினால் கோளாறு கம்பத்துக்கும் வீட்டுக்கும் நடுவில். அப்படியென்றால் கம்பத்தடியில் நான் வைத்த ஜொயின்ட் பெட்டியில் யாரோ கொக்கி போட்டிருக்கிறார்கள்.

யார் என்று எனக்குத் தெரியும். நம் ஆட்கள் பழக்கம் உனக்குப் புதிதா? லயத்தில் ஒரு வீட்டில் கரண்ட் போனால் பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்து ஒரு பல்பு போட்டுக்கொள்வார்கள். சிலர் கேட்டுவிட்டு இழுப்பார்கள், சிலர் இழுத்துவிட்டுக் கேட்பார்கள், சிலர் கேட்பதே இல்லை. பக்கத்து வீட்டு இராசையா வாங்கியிருக்கும் டீவியின் சைஸ் என்ன? அவர் மனைவி குணமணி அக்காவிடம் நேராகக் கேள். நீ கேட்காவிட்டால் நான் வந்து கேட்பேன், அது நன்றாக இருக்காது.

புது நம்பர் கீழே. பார்த்து அடி. பிழையாகப் பல தடவை அடித்தால் பெட்டி பூட்டிக்கொள்ளும்.

4417 0296 8853 1620 7391

தயாபரன்


கீழ்ப் பிரிவு,
நமுனுகுல.
நவம்பர் 13

துவாரகாவின் அப்பாவுக்கு,

உங்கள் பேச்சைக் கேட்டு ஒரு நல்ல மனுஷியின் மனதை நோகடித்துவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகுதான் மற்றது.

மெயினைக் கீழே போட்டேன். சிவப்பு விளக்கு சிமிட்டியது. குணமணி அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா அடுப்படிக் கதவைத் தோளால் முட்டித் திறந்து வெளியே வந்தது. மழையில் பலகை ஊதிப்போய்க் கதவு இறுகிவிட்டதாம். இராசையா அண்ணன் ஒரு தரம் சீவினாராம், மறுபடியும் இறுகி, இன்னொரு தரமும் சீவினாராம். அந்தக் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்ன மனுஷியிடம் நான் கேட்டேன், எங்கள் வயரில் கொக்கி போட்டிருக்கிறீர்களா என்று.

அக்கா உள்ளே போய்த் தன் வீட்டு மெயினை இறக்கிவிட்டு வந்தது. "வா, ஒன் வூட்டுப் பெட்டியைப் போய்ப் பாப்போம்" என்றது. வந்து பார்த்தோம். சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது. "நானும் கொழுந்து கிள்ளித்தான் திங்கிறேன் ஜெயந்தினி. ஒன்கிட்ட ஒரு பிடி உப்பு வாங்கினாலும் திருப்பிக் குடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. அன்றிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. கம்பத்தடிப் பெட்டியையும் பார்த்தேன். நீங்கள் பூட்டிய பூட்டு அப்படியே இருக்கிறது.

இன்னும் கேளுங்கள். மழை பெய்தால் அந்த விளக்கு பதறுகிற மாதிரி வேகமாகச் சிமிட்டுகிறது. வெயில் வந்தால் மெதுவாகிறது. இங்கே வெயிலை எங்கே பார்க்கிறோம்? முந்தாநாள் துவாரகா பைப்படியில் வெறுங்காலோடு நின்று முகம் கழுவினாள். "சுள்ளுங்குதும்மா" என்று அழுதுகொண்டு ஓடி வந்தாள். நான் பைப்பில் கை வைக்கவில்லை. தைரியமில்லை. மலை ஊற்றிலிருந்து விழும் பீலித் தண்ணீரைத்தான் தூக்கி வருகிறேன். ரோட்டோரக் கம்பம் நம் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்த மாதிரியும் தெரிகிறது. பயந்த கண்ணுக்கு எல்லாம் அப்படித்தான் தெரியுமோ என்னவோ.

மெயினைக் கீழே போட்டபடியே வைத்திருக்கிறேன். விளக்கு வைத்துக்கொள்கிறோம். போனும் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கிறது. ஆனாலும் மீதி குறைந்துகொண்டே வருகிறது. நீங்கள் அனுப்பிய நம்பரை இன்னும் அடிக்கவில்லை. ஓட்டைப் பானையில் ஏன் தண்ணீர் ஊற்றுவான்?

அம்மா பயப்படுகிறாள் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் எனக்குப் பெரிய பயம். வந்து பாருங்கள் என்று நான் எழுதமாட்டேன். அது உங்களுக்கே தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஜெயந்தினி


பதுளை.
நவம்பர் 15, காலை

ஜெயந்தினி,

நின்றபடியே இதை வாசி. வாசித்து முடித்ததும் வீட்டை விட்டு வெளியே போ.

உன் கடிதம் இன்று காலையில்தான் கிடைத்தது. இரண்டு தரம் வாசித்தேன். ஒரு தரம் வயரிங்காரனாக. குழாய் உடைந்து, உள்ளே வயரின் தோல் கிழிந்து, கரண்ட் ஈர மண்ணில் இறங்குகிறது. மழை பெய்தால் கூடுகிறது. பைப்படியில் பிள்ளைக்குச் சுள்ளென்றது அதனால்தான். மூன்றடி ஆழத்தில் கிடக்கிற குழாயை யார் உடைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு மறுபடியும் வாசித்தேன். குணமணி அக்காவின் கதவு. சீவிய பிறகும் இறுகிய கதவு. பலகை ஊதவில்லை ஜெயந்தினி, நிலைதான் கோணுகிறது. கம்பமும் உண்மையிலேயே சாய்கிறது. உன் கண்ணில் பிழை இல்லை.

மண் நகர்கிறது. நம் வீட்டோடு சேர்த்து நகர்கிறது.

பைப்பைத் தொடாதே. குழாய் போகிற வழியில் கால் வைக்காதே. துவாரகாவைத் தூக்கிக்கொள். குணமணி அக்காவும் இராசையா அண்ணனும் கீழ் வரிசையில் இருக்கிற எல்லாரும் உன்னோடு மேல் பிரிவுப் பாடசாலைக்குப் போக வேண்டும். அக்கா முகத்தைத் திருப்பினால் காலில் விழு. பழி சொன்னவன் நான், என் பேரைச் சொல்லித் திட்டச் சொல். திட்டிக்கொண்டே நடக்கட்டும்.

உன் போன் வேலை செய்யவில்லை. இன்று போயா விடுமுறை, தோட்டத்து ஒபிஸில் ஆளில்லை. கிராம சேவகரைப் பிடித்துச் சொல்லிவிட்டேன். அவர் புறப்பட்டுவிட்டாராம், ஆனால் ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறதாம். இராசையா அண்ணனின் நம்பர் என்னிடம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரனைத் திருடன் என்று எழுதத் தெரிந்தவனிடம் அவன் நம்பர் இல்லை.

மர்ஸூக் நானாவின் பஸ் புறப்படப் போகிறது. எழுத்தைப் பொறுத்துக்கொள்.

போ. இப்போதே போ.

தயாபரன்


மேல் பிரிவுப் பாடசாலை.
நவம்பர் 16

மாமா,

கல்யாணத்துக்கு முந்திக் கூப்பிட்டது. கை தானாக எழுதிவிட்டது, இருக்கட்டும்.

நானும் துவாரகாவும் இருக்கிறோம். குணமணி அக்கா, இராசையா அண்ணன், கீழ் வரிசையில் இருந்த எல்லாரும் இருக்கிறோம். வீடு இல்லை. அக்காவின் வீடும் இல்லை. இருந்த இடத்தில் சிவப்பு மண்தான் கிடக்கிறது.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நாங்கள் வெளியேறிவிட்டோம். நேற்றுக் காலை எழுந்து பார்த்தால் சின்னப் பெட்டி இருண்டு கிடந்தது. "பெட்டி தூங்கிருச்சும்மா" என்று துவாரகா சந்தோஷப்பட்டாள். மெயினை இறக்கினாலும் பெட்டி அணையாது என்று எழுதியிருந்தீர்களே. முதல் நாள் இரவு பார்த்தபோது மீதியும் இருந்தது. அப்படியென்றால் கம்பத்திலிருந்து வருகிற வயரே அறுந்திருக்க வேண்டும். வெளியே போய்ப் பார்த்தேன். நீங்கள் புதைத்த குழாய் மண்ணைப் பிளந்துகொண்டு இரண்டு துண்டாக மேலே நீட்டிக்கொண்டிருந்தது. நடுவில் நிலம் வெடித்திருந்தது. துவாரகாவின் கால் உள்ளே போகும் அளவுக்கு.

நான் போட்ட சத்தத்தில்தான் எல்லாரும் ஓடி வந்தார்கள். குணமணி அக்காவின் கதவு இந்தத் தரம் திறக்கவே இல்லை. இராசையா அண்ணன் நிலையோடு பெயர்த்துத் தள்ளிவிட்டு வெளியே வந்தார். நான் அக்காவின் காலில் விழவில்லை, அதற்கு நேரமில்லை. அது துவாரகாவை என் இடுப்பிலிருந்து பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, "நட புள்ள" என்றது. அவ்வளவுதான். மத்தியானம் மலை இறங்கியது. அந்தச் சத்தத்தை நான் எழுதமாட்டேன்.

பின்னேரம் மர்ஸூக் நானா நனைந்துபோய் இங்கே வந்து உங்கள் கடிதத்தைக் கையில் வைத்தார். வாசித்தேன். போ போ என்று எழுதியிருந்ததைப் பார்த்து முதல் தடவையாக அழுதேன், சந்தோஷத்தில்தான். நாங்கள் தப்பிவிட்டதை உங்களிடம் உடனே சொல்லுங்கள் என்று நானாவிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"காயிதத்தைக் குடுத்திட்டு, பஸ் எடுக்கிற நேரம் அவரும் பாய்ஞ்சு ஏறிட்டாரு தங்கச்சி. மரம் விழுந்த எடத்துல எறங்கி, 'நீ காயிதத்தோட ரோட்டால போ நானா, நான் குறுக்கால போறேன். ரெண்டுல ஒண்ணு போய்ச் சேந்தா போதும்'னு சொல்லிட்டுத் தேயிலைக்குள்ள எறங்கிட்டாரு."

அந்தக் குறுக்குப் பாதை எங்கே வந்து ஏறும் என்று உங்களுக்குத் தெரியும். நம் அடுப்படிக்குப் பின்னால்.

இராசையா அண்ணனும் பெடியன்களும் இருட்டும் வரை மண்ணைத் தோண்டினார்கள். இன்றைக்கும் போயிருக்கிறார்கள். இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்கக் கூடாது என்று அம்மாளை வேண்டிக்கொண்டு இருக்கிறேன். மண்ணைக் கண்டு நீங்கள் வேறு பக்கம் சுற்றிப் போயிருக்கலாம். டவுன் ஆஸ்பத்திரியில் இருக்கலாம். எங்கேயோ உட்கார்ந்து எங்களைத் தேடிக் கத்திக்கொண்டிருக்கலாம். நானா இந்தக் கடிதத்தை உங்கள் அறைக் கதவுக்கடியில் போட்டுவிட்டு வருகிறேன் என்றிருக்கிறார்.

அந்த ரீலோட் நம்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது. அடிக்கப் பெட்டி இல்லை.

பாடசாலையில் ஜெனரேட்டர் ஓடுகிறது, போனை சார்ஜில் போட்டேன். முதல் வேலையாக உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். எடுக்க எடுக்க, ஒரு பெண் மூன்று பாஷையிலும் இப்போது தொடர்புகொள்ள முடியாது என்று சொல்கிறாள். துவாரகா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். காதைப் பொத்தமாட்டேன் என்று சொல்லச் சொன்னாள்.

போன் என் கையிலேயே இருக்கு மாமா. எடுத்துக் கத்துங்க. எவ்வளவு வேணும்னாலும் கத்துங்க.

உங்கள்,
ஜெயந்தினி