யார் யார் என்ன குடித்தார்கள்

மே 7, 2024

பகல் முழுக்க மழை. வளாகத்துக்குள் இருக்கும் எங்கள் கடையின் தகரக் கூரை மறுபடியும் ஒழுகியது. ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் வாளி வைத்துக்கொண்டே மகன் குணாளன் ரொட்டி போட்டான். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் குடையைப் பிடித்தபடி தேத்தண்ணி குடித்துவிட்டு வகுப்புக்கு ஓடினார்கள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேசினால் இந்த போன் எழுதிக்கொள்கிறது. மகன் பழக்கிவிட்டான். "மனசுல உள்ளதையெல்லாம் இதுகிட்ட சொல்லுங்கப்பா. அம்மா காது பாவம்" என்றான். தனலெட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மே 15

ரூபேந்திரன் வந்தான். இப்போது முன்னாள் மாணவர் சங்கத் தலைவன். படிக்கிற காலத்தில் கோப்பி ஓ, பால் இல்லாமல், சீனி தனியாக. அப்போது எலும்பும் தோலுமாக இருப்பான். இப்போது வயிறு முதலில் கடைக்குள் வருகிறது, பிறகு அவன் வருகிறான்.

"மாமா, பழைய மாணவருங்க எல்லாம் சேந்து வளாகத்தைப் புதுசாக்கப் போறோம். நிதி திரட்ட டின்னர் வைக்கிறோம். நீங்க மேடைக்கு வரணும்."

"நான் வந்து என்ன செய்ய? தே ஆத்தணுமா?"

"ச்சே, பேசினா போதும் லா. யார் யார் என்ன குடிச்சாங்கன்னு உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கே."

ஒழுகுகிற இடத்தைக் காட்டிக் கேட்டேன், இந்தக் கூரை?

"கூரை என்ன மாமா, எல்லாமே மாறப்போவுது."

அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது.

ஜூன் 8

பாத்திக் சட்டை தேய்த்தாகிவிட்டது. தனலெட்சுமி மூன்று தரம் தேய்த்தாள். "மேடையில போயி குடும்பக் கதையெல்லாம் அவுத்து விடாதீங்க" என்கிறாள்.

ஜூன் 9

ஜொகூர் பாருவில் பெரிய ஹோட்டல். வட்ட மேசைகள், எல்லாவற்றிலும் என் பிள்ளைகள். நரைத்த பிள்ளைகள்.

ரூபேந்திரன் ஒரு விளையாட்டு வைத்தான். மேசைக்கு ஒருவர் எழுந்து நிற்பார். படிக்கும்போது அவர் என்ன குடித்தார் என்று நான் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அந்த மேசை நிதி கொடுக்க வேண்டும்.

எல்வின் எழுந்தான். தே ஓ, இஞ்சி தட்டிப் போட்டு, பரீட்சை வந்தால் மட்டும். மற்ற நாளில் ஓசியில் அடுத்தவன் கிளாஸ். சபையே சிரித்தது. ஜாக்லினுக்குப் பால் தே, ஆடை படியக் கூடாது, படிந்தால் முகத்தைச் சுளிப்பாள். கேப்ரியல் குடித்ததே இல்லை, ஜாக்லின் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். இப்போது இருவரும் புருஷன் பெண்டாட்டி. ஒன்றுகூடத் தப்பவில்லை. கைத்தட்டலில் எனக்குக் காது அடைத்துப்போனது.

கடைசியில் லோஷினி. அவள் எதுவுமே குடித்ததில்லை. தோழிகளோடு வந்து உட்கார்ந்து வெந்நீர் கேட்பாள். வெந்நீருக்கு நான் காசு வாங்குவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அதை அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்ல?

"மைலோ, கெட்டியா" என்றேன்.

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அந்த மேசையும் கொடுத்தது.

எனக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு படம் தொங்கியது. பளபளவென்று கட்டடம், ஓரத்தில் என் முகம், மற்றதெல்லாம் எழுத்து. என் முகம் இருக்கிறதே, நம் கடையைத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 10

தொண்டை கட்டிவிட்டது. பரவாயில்லை. கூரை வந்துவிடும்.

ஜூலை 3

லோஷினி கடைக்கு வந்தாள். பல்கலைக்கழகத்துக் கட்டடப் பிரிவில்தான் வேலையாம். அவள் கேட்காமலே மைலோ போட்டு வைத்தேன், கெட்டியாக. கிளாஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, டின்னர்ல மாட்டியிருந்த படத்தை யாராச்சும் உங்களுக்குப் படிச்சுச் சொன்னாங்களா?"

"என் மூஞ்சி இருந்துச்சே."

"மூஞ்சி இருக்கு. கடை இல்ல மாமா. இந்த இடத்துலதான் அந்தக் கட்டடம். கீழே பெரிய காப்பிக் கம்பெனி வருது. டெண்டரும் முடிஞ்சிருச்சு. சுவத்துல மட்டும் உங்க பேரு. அய்யாவு மூலைன்னு."

குணாளன் கையில் வீசிக்கொண்டிருந்த ரொட்டி மடிந்து கல்லில் விழுந்தது. எடுக்கவில்லை. கருகும் வரை பார்த்துக்கொண்டே நின்றான்.

ஐயோ, அன்னைக்கே தெரிஞ்சிருந்தா — எல்வினுக்கு பால் கோப்பின்னு சொல்லியிருப்பேனே. எல்லாருக்கும் மாத்தி மாத்திச் சொல்லியிருப்பேனே. கெழவனுக்கு மறதி வந்துருச்சுன்னு போயிருப்பாங்க. இந்தப் பாழாப்போன ஞாபகம். என் வாயாலேயே என் கடையை...

ஜூலை 5

மகனும் நானும் ரூபேந்திரன் ஆபீசுக்குப் போனோம். அவன் ஒளியவில்லை. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"உங்க பேரு நூறு வருசம் நிக்கும் மாமா. இதைவிட என்ன மரியாதை செய்ய முடியும்?"

"மரியாதையை வச்சு அடுப்பு எரியுமாண்ணே?" என்றான் குணாளன்.

"நீயும் டெண்டர் போட்டிருக்கலாமேடா. வெப்சைட்ல போட்டிருந்தாங்களே."

"தினமும் ரெண்டு வேளை எங்க கடையில சாப்பிட்டவருதான நீங்க? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

ரூபேந்திரன் என்னிடம் திரும்பி, கோப்பி வடிகட்டும் துணிப்பையைக் கேட்டான். கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறார்களாம்.

சரி என்றேன். கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. குணாளன் என்னை விட்டுவிட்டு முன்னால் நடந்தான்.

ஆகஸ்ட் 18

இடித்தார்கள். நான் போகவில்லை.

ஆகஸ்ட் 19

தனலெட்சுமி வீட்டுக்கு வாங்கும் பால் டின்னைக் கடைக்கு வாங்குவதுபோல் பெட்டியாக வாங்கி வந்துவிட்டாள். பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இருவரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

செப்டம்பர் 22

குணாளனுக்குப் பாசிர் கூடாங்கில் பேக்டரி வேலை கிடைத்துவிட்டது. ஷிப்ட். செடெனாக் முச்சந்தியில் பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும். கூட வேலை செய்பவர்கள் எல்லாம் சின்னப் பையன்களாம், இவனை அங்கிள் என்கிறார்களாம். வேறு ஊரில் சின்னதாக ஒரு கடை பார்க்கலாமே என்றேன்.

"போதும்பா" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

டிசம்பர் 11

சொல்ல ஒன்றுமில்லை. நேற்றும் இல்லை.

பிப்ரவரி 20, 2025

கட்டடம் திறந்தார்கள். கார் அனுப்பியிருந்தார்கள். குணாளன் வரவில்லை, தனலெட்சுமியும் வரவில்லை. மாலை போட்டு என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

சுவரில் பெரிய எழுத்து. அதுதான் என் பெயராம்.

கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். உள்ளே என் துணிப்பை. எத்தனை வருஷத்துக் கோப்பி ஏறி ஏறிக் கறுத்த துணி. அதை வெள்ளை வெளேரென்று வெளுத்து, இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். புதுச் சட்டையிலிருந்து வெட்டி எடுத்த கைபோல இருந்தது.

"எவ்வளவு சுத்தமா வச்சிருக்கோம் பாத்தீங்களா மாமா?" என்றான் ரூபேந்திரன். அவன் கண் கலங்கியிருந்தது. பொய்க் கண்ணீர் இல்லை. நல்லா இருக்குப்பா என்றேன்.

கூட்டம் காப்பிக் கவுன்டருக்கு நகர்ந்தது. லோஷினி மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க என்ன குடிக்கிறீங்க மாமா?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான் கேட்கிறவன். விலைப்பலகையைப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. சட்டைப்பையில் கையை விட்டுப் பார்த்தேன்.

"வெந்நீர்" என்றேன்.

அவள் வேறெதுவும் கேட்காமல் போய் வரிசையில் நின்றாள்.

அங்கே வெந்நீருக்கும் காசு வாங்குகிறார்கள். அவள்தான் கொடுத்தாள்.