முட்டைக்கோஸ் மேல் நீ நீட்டிய கை

டேய்,

இன்று மலைப்பாதையில் ரிங்லெட் ஊருக்குக் கீழே, மூடுபனிக்குள் காய்கறி லோரியின் டீசல் புகை மூக்கில் ஏறியதும், உன் மேல் இருந்த கோபம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. காரை ஓட்டியது உன் மகள். இப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருக்கிறாள். பக்கத்தில் நான். வளைவில் லோரியை முந்தப் பார்த்தாள். "தெரிஞ்ச ரோடுதானே மாமா," என்றாள். நான் கத்திய கத்தலில் பிள்ளை காரை ஓரங்கட்டினாள்.

நான் கத்தியது அவளிடம் இல்லை, உன்னிடம்.

பைலட் வேலையில் சேர்ந்த பிறகு ஒருமுறை லீவில், மலைமேல் கியா பார்ம் ஊரில் இருக்கும் என் காய்கறிக் கடைக்கு வந்தாய். "கண்ணு தெரியாத பனியில பிளேனை எப்படிடா எறக்குற?" என்று கேட்டேன். பலகையில் கிடந்த காய்களை மலைகளாக இழுத்துப் பரப்பினாய். விமானம் வரும் பாதையில் மட்டுமல்ல, அது விலகிப் போகக்கூடிய இரு பக்கமும் வைத்தாய். எத்தனை தக்காளி கிடந்தாலும், இருப்பதிலேயே உயரமான முட்டைக்கோஸ்தான் கணக்கு என்றாய். மலையுச்சி மரத்துக்காக அதில் ஒரு வெங்காயத்தாளைச் செருகினாய். அதற்கும் மேலே இடைவெளி விட்டுக் கையை நீட்டினாய்.

"உயரம் காட்டுற மீட்டர் கொஞ்சம் பொய் சொல்லும், ஓட்டுறவன் கை கொஞ்சம் தவறும். அதுக்குத்தான் இந்த எடம். இந்தக் கை வரைக்கும் எறங்கலாம். அங்க வந்தும் ரன்வே தெரியலையா, மேல ஏறிடணும் லா."

"நீ பொறந்து வளந்த மலையா இருந்தா?"

"தெரிஞ்ச மலைன்னு நெனைக்கிறவன்தான்டா மோதுவான்."

வாய் கிழியப் பேசினாயே! பயணிகள் திட்டத் திட்ட, இறங்காமல் மேலேறித் திரும்பிய ஆள் நீ. என் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பிய அன்று, "பனி எறங்கிருச்சு, கீழ தாப்பாவிலயே தங்கிட்டு காலையில வாடா" என்று போனில் கெஞ்சினேன். "இந்த ரோடு எனக்குத் தெரியாததா?" என்று சிரித்தாய். இதே வளைவில் ஒரு லோரியை முந்தினாய். எதிரே இன்னொரு லோரி வந்தது. நீ வந்து சேரவே இல்லை.

ஊருக்குத்தான் உபதேசமா? வானத்தில் அத்தனை இடைவெளி விட்டவனுக்கு, இங்கே ஒரு லோரிக்குப் பின்னால் வரப் பொறுமை இல்லையா? முட்டாள். உன்னை நான் மன்னிக்கவில்லை. நீ நீட்டிய அந்தக் கையை மட்டும் வைத்திருக்கிறேன்.

இன்று அந்தக் குறுகிய ரோட்டில் எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். உன் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வளைவையே பார்த்தாள். பனி மெல்ல விலகியது.

"இப்பத் தெரியுது மாமா."

"வளைவுக்கு அந்தப் பக்கம்?"

கியரிலிருந்து கையை எடுத்தாள்.

"இன்னும் இல்ல."

காத்திருந்தோம்.