அழகரின் நாலாவது மந்திரம்

வெள்ளவத்தை,
2025 யூலை 5, சனி

அன்புள்ள யோகேஸ்,

நான் சுகம். அழகருக்குத்தான் சுகமில்லை.

நேற்றுப் பின்னேரம் அப்பா டெப்லெட்டைத் தந்ததும் விளையாட்டைத் திறந்தேன். ஒரே எக்கவுண்டில் நீயும் நானும் மாறி மாறி விளையாடும் எங்களுடைய மந்திரவாதி அழகர் அதே கோணல் தொப்பியோடு நிற்கிறார். ஆனால் நான் போட்டுவிட்டு வந்த நாலு மந்திரங்களில் நாலாவதைக் காணவில்லை. பனிச்சுவரை மறுபடியும் கழற்றிவிட்டாய்!

அழகருக்கு இருபத்தெட்டு மந்திரங்கள் தெரிந்தாலும் ஒரு மெட்ச்சுக்குள் கொண்டுபோகக்கூடியது நாலுதான். மணி அடித்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. மின்னல், நெருப்பு, பாய்ச்சல் ஆகிய மூன்றிலும் எங்களுக்குள் சண்டை இல்லை. நாலாவது பனிச்சுவர்தான் என்று எத்தனை தரம் எழுதிவிட்டேன். பெரிய விளையாட்டுக்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்புகளையெல்லாம் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தவள் நான். அழகரின் உயிர் காகிதம் மாதிரி. வாள்காரன் ஒருவன் கிட்ட வந்து இரண்டு வெட்டு வெட்டினால் கதை முடிந்தது. இடையில் ஒரு சுவர் வேண்டாமா?

ஆனால் நான் இதை எழுதுவது அதற்காக மட்டும் இல்லை. சுவருக்குப் பதிலாக நீ போட்டிருப்பது 'ஆற்றுதல்'. அதைத் தனக்குத்தானே போட்டுக்கொள்ள முடியாது. பக்கத்தில் நிற்கும் ஆளுடைய காயத்தைத்தான் ஆற்றலாம். நாங்கள் எப்போதும் முன்பின் தெரியாதவர்களோடுதானே விளையாடுகிறோம்? அவர்களுக்கு எதற்கு உன் மருந்து? நீ யாரை ஆற்றுகிறாய், யோகேஸ்?

நீங்கள் கொட்டாஞ்சேனைக்கு வீடு மாறிப்போன பிறகு வகுப்பில் உன்னுடைய கதிரையில் என் பையை வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் ஓ.எல். பரீட்சை என்பதால் அம்மா போனைத் தொடவிடுவதில்லை. மெசேஜ் அனுப்பினாலும் முதலில் அம்மாதான் வாசிப்பா. அதனால் இதையும் பின்னேரம் புளோறன்ஸ் மிஸ்ஸின் வீட்டிலேயே கொடுக்கிறேன். சனிக்கிழமை எங்களுக்கும் புதன்கிழமை உங்களுக்கும் கணக்குப் படிப்பிக்கப்போய் பாவம் இந்த வேலையும் அவர் தலையில். "நான் மிஸ்ஸா, தபால்காரியா?" என்று போன கிழமை கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

பதில் எழுது. பொய் எழுதாதே.

பனிச்சுவர்க் கட்சியைச் சேர்ந்த,
யதுஷா


கொட்டாஞ்சேனை,
யூலை 9, புதன்

என் தங்கமான யது,

நீ பொலிஸ்ல சேரலாம்டி. ஒரே ஒரு மந்திரத்தை வச்சே ஆளைப் பிடிச்சிட்டே. நான் சிரிச்ச சிரிப்புல அம்மா அடுப்பை விட்டுட்டு வந்து பார்த்துட்டுப் போனாங்க.

சரி, உண்மையைச் சொல்றேன். எங்க தொடர்மாடியில கீழ் வீட்டு றொஹான் ஒரு மாசமா ஒரு டீம் வச்சிருக்கான். அவன்தான் வாள்காரன். வில்லுக்கு நுஹா. அவ கொம்பனித்தெரு. அவளை நான் நேர்ல பார்த்ததே இல்ல, குரல் மட்டும்தான் தெரியும். "அழகர் மாமா, ஓடி வாங்க, சாகப்போறேன்"னு காது கிழியக் கத்துவா. ஒரு மந்திரவாதி வேணும்னாங்க. போனேன்.

முதல் நாள் உன் பனிச்சுவரோடதான் போனேன். நீ சொன்ன மாதிரியே சுவரை எழுப்பி அதுக்குப் பின்னாடி பத்திரமா நின்னேன். முன்னால றொஹான் செத்தான். அப்புறம் நுஹா. நான் மட்டும் நல்லா உயிரோட இருந்தேன், தனியா, எதுவும் செய்ய முடியாம. "மல்லி, மந்திரவாதி எங்க, பாத்ரூம் போயிட்டாரா?"ன்னு றொஹான் கேட்டான். நான் பொண்ணுன்னு தெரிஞ்சும் அவனுக்கு எல்லாரும் மல்லிதான், தம்பிதான். அன்னைக்கே சுவரைக் கழற்றிட்டேன். முன்னால நிக்கிற ரெண்டு பேரையும் விழாமப் பார்த்துக்கிட்டா எனக்கு எதுக்குடி பனிச்சுவர்? அவங்கதான் என் சுவர்.

இன்னொரு விஷயம். இந்த மாசம் 27 ஞாயிற்றுக்கிழமை பம்பலப்பிட்டியில ஒரு மண்டபத்துல பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குச் சுற்றுப்போட்டி. றொஹான் எங்க பேரைக் குடுத்துட்டான். யது, நான் இதுவரைக்கும் எந்தப் போட்டிக்கும் பேர் குடுத்ததில்ல. விளையாட்டுப் போட்டியிலகூட கொடி பிடிச்சுக்கிட்டு ஓரமா நின்னவதான். இப்ப ராத்திரி பகல்னு இல்லாம அதே நெனப்பு. சோத்துல கையை வச்சுக்கிட்டு விரலால மின்னல் அடிக்கிறேன்.

நீயும் பார்க்க வருவேதானே?

உன் கட்சி மாறின,
யோகேஸ்


வெள்ளவத்தை,
யூலை 12, சனி

அன்புள்ள யோகேஸ்,

உன் கடிதத்தை வகுப்பு வாசலில் நின்றே வாசித்தேன். சிரித்துக்கொண்டு தொடங்கினேன். 27ஆம் திகதி என்ற இடத்துக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.

நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். அதே நாள், அதே மண்டபம், அதே அழகர். எங்கள் கணக்கு வகுப்பில் படிக்கும் தேனுஜனின் டீம். நிச்சயமான பிறகு உனக்குச் சொல்லலாம், நீ துள்ளுவாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ மட்டும்தான் ஒளிக்கிறாய் என்பது போலப் போன கடிதத்தில் கேட்டேனே, இப்போது வெட்கமாக இருக்கிறது.

விதிகளை மூன்று தரம் வாசித்துவிட்டேன். ஒரே எக்கவுண்ட் இரண்டு டீம்களில் இருந்தால் இரண்டையுமே நீக்கிவிடுவார்களாம். 20ஆம் திகதிக்குள் ஒருவர் விலக வேண்டும்.

நான் நியாயமாக யோசித்துப் பார்த்தேன். எந்த எதிரிக்கு எந்த மந்திரம் என்று எழுதி வைத்திருப்பது நான். தேனுஜனின் டீமில் எல்லோரும் ஒரு வருடமாகச் சேர்ந்து விளையாடுகிறவர்கள், வெல்லக்கூடியவர்கள். உங்களுடையது தொடங்கி ஒரு மாதம்தானே ஆகிறது? அதோடு எக்கவுண்ட் என் அப்பாவுடைய மின்னஞ்சலில் இருக்கிறது. நான் இதைச் சொல்ல நினைக்கவில்லை, தேனுஜன்தான் சொன்னான். "மின்னஞ்சல் உம்மட அப்பாட எண்டா ஆள் உம்மட ஆள்தானே. இதில கதைக்க என்ன கிடக்கு?" என்றான்.

இந்த முறை நீ விட்டுத் தருவாயா? அடுத்த போட்டிக்கு நீ போ, நான் பேசாமல் இருக்கிறேன். வகுப்பு முடிந்து வந்ததிலிருந்து படிக்க இருந்தால் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். அறைக்குள் நடக்கிறேன். "ஏன் பிள்ளை, கால் சுடுதோ?" என்று அம்மா கேட்கிறா.

பதிலுக்காக அடுத்த சனிக்கிழமை வரை எப்படி இருக்கப்போகிறேனோ தெரியவில்லை.

உன்,
யதுஷா


கொட்டாஞ்சேனை,
யூலை 16, புதன்

யது,

குறிப்பு வாசிச்சது நீ. ஓம், நீதான். ஆமாவுக்கு நீங்க சொல்ற ஓமை உனக்கே தர்றேன். வாசிச்சதைக் கையால செஞ்சது யாரு?

எங்க தனுஷன் அண்ணன் வேலை முடிஞ்சு வந்து குளிச்சுச் சாப்பிடுற நேரம்தான் அவரோட போன் எனக்குக் கிடைக்கும். சிக்னல் படிக்கட்டுல மட்டும்தான் வரும். ஏறுறவங்க இறங்குறவங்களுக்கெல்லாம் காலை ஒதுக்கி ஒதுக்கி அங்க உக்காந்துதான் விளையாடுறேன். திரையில கண்ணாடி வெடிச்சிருக்கிற இடத்துலதான் நெருப்பு மந்திரத்தோட பொத்தான் இருக்கு. அழகர் முப்பதாவது லெவலைத் தாண்டினதுக்கப்புறம் நீ எத்தனை மெட்ச் விளையாடினே? சொல்லு. நீ நாலு மந்திரத்தை மாத்தி வச்சிட்டு, படத்தைப் பார்த்துட்டு, மூடி வச்சிட்டுப் போயிடுவே.

அழகர்னு பேர் வச்சது யாரு? நீ என்னமோ வாயில நுழையாத பேர் ஒண்ணு சொன்னே. இவ்வளவு அசிங்கமான மூஞ்சிக்கு அழகர்தான் சரின்னு நான்தான் சொன்னேன். நீ வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சே.

அப்பாவோட மின்னஞ்சல்தான் பெருசுன்னா உங்க அப்பாவையே மண்டபத்துல உக்கார வச்சு விளையாடச் சொல்லு.

உனக்குப் பேச்சுப்போட்டி இருக்கு, கட்டுரைப்போட்டி இருக்கு, மேடையில உன் பேரைக் கூப்பிடுறது உனக்குப் பழகிப்போச்சு. எனக்கு இது ஒண்ணுதான். நான் விலக மாட்டேன். நீ சனிக்கிழமை இதை வாசிப்பே. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள தேனுஜன்கிட்ட வரலன்னு சொல்லிடு.

யோகேஸ்


வெள்ளவத்தை,
யூலை 19, சனி

அன்புள்ள யோகேஸ்,

உன் கடிதத்தில் உள்ள எல்லாமே உண்மை. அதை வாசித்த பிறகும் நான் இதைச் செய்தேன்.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். எக்கவுண்ட் யாருடையது என்று அமைப்பாளர்கள் மின்னஞ்சலைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். தேனுஜன் அவர்களுக்கு அறிவித்துவிட்டான். பட்டியலில் என் பெயர் இருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ படிக்கட்டில் இருந்துகொண்டு உள்ளே போகப் பார்த்து, முடியாமல் திரும்பியிருப்பாய். அதை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

போட்டி முடிந்த அன்றே புதிய பாஸ்வேர்டை எழுதி அனுப்புவேன். இது பறித்தல் இல்லை, யோகேஸ். ஒரு கிழமைக்கு ஒத்திவைத்தல். இதைவிடச் சரியான சொல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை.

யதுஷா


வெள்ளவத்தை,
யூலை 26, சனி

யோகேஸ்,

மிஸ் பையைத் திறந்தே காட்டிவிட்டார். "யோகேஸ்வரி ஒண்டும் தரேல்ல, மகள். கேட்டுப் பாத்தனான்" என்றார்.

நாளைக்குப் போட்டி. இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். தெரிந்தும் எழுதுகிறேன்.

ஒவ்வொரு நாளும் திறந்து பார்க்கிறேன். நான் வைத்த நாலும் நான் வைத்தபடியே இருக்கின்றன. ஒருவரும் எதையும் கழற்றவில்லை.

யது


வெள்ளவத்தை,
ஆகஸ்ட் 2, சனி

அன்புள்ள யோகேஸ்,

நீ வாசிப்பாயோ தெரியாது. நடந்ததை நான் சொல்லத்தான் வேண்டும்.

மண்டபத்தில் குளிர் ஊசியாய்க் குத்தியது. வரிசையாக மேசைகள், காதுக்குப் பெரிய ஹெட்போன்கள். மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நீ சொன்னது சரி, எனக்கு அது பழகியிருந்தது. ஒன்றும் தோன்றவில்லை.

எங்களுக்குக் கிடைத்த களம் ஒரு ஒடுக்கமான பாலம். குறிப்புகளின்படி பாலம் என்றால் பனிச்சுவர்தான். கண்ணை மூடிக்கொண்டு அதையே போட்டேன். மணி அடித்தது. எதிர்ப்பக்கத்து வாள்காரர்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். சுவரை எழுப்பினேன். தேனுஜன் அந்த நேரம் எனக்கு முன்னால் ஓடியிருந்ததை நான் பார்க்கவில்லை. அவன் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களோடு தனியாக மாட்டிக்கொண்டான். "சுவர எடும்! ஐயோ, சுவர எடுமப்பா!" என்று கத்தினான். எழுப்பிய சுவரை எடுக்க முடியாது. தானாகக் கரையும்வரை காத்திருக்க வேண்டும். அது கரைந்தபோது நான் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு மின்னல்கூட அடிக்கவில்லை. முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டோம். தேனுஜன் என்னை ஏசவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு "பரவாயில்ல" என்றான். ஏசியிருக்கலாம்.

வெளியே தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் பச்சை முக்காடு போட்ட ஒரு பிள்ளை வந்தாள். உயரமான பையன் ஒருவன் கூட நின்றான். மந்திரவாதி இல்லாததால் அவர்களைச் சேர்க்கவில்லையாம். சும்மா பார்க்க வந்திருக்கிறார்கள். என்னுடைய அட்டையில் அழகர் என்று எழுதியிருந்ததைப் பார்த்து அவள் ஓடி வந்து, "நீங்களா அழகர் மாமா? ஏன் ஒரு கிழமையா வரல்ல?" என்றாள். நான் வாயைத் திறந்து ஏதோ சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "இல்ல, குரல் வேற" என்று பையனிடம் சொன்னாள். இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் மின்னஞ்சலை எக்கவுண்டிலிருந்து எடுத்துவிடச் சம்மதித்தார். எந்த மின்னஞ்சல் என்று நீ எழுதினால் அன்றே அதற்கு மாற்றிவிடுவேன். அதுவரைக்கும் உள்ளே போக, பாஸ்வேர்டைத் தனித் துண்டில் எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். இனி அழகர் உன்னுடைய ஆள் மட்டும்தான். நாலாவது மந்திரத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுத மாட்டேன்.

மன்னிப்புக் கேட்கிறேன், யோகேஸ். அதற்கு நீ பதில் தர வேண்டும் என்று இல்லை.

உன்,
யது


கொட்டாஞ்சேனை,
ஆகஸ்ட் 6, புதன்

யது,

நுஹா சொன்னா. "உங்க பேர்ல ஒரு கண்ணாடிக்காரப் பிள்ளை நின்னுச்சு, அழற மாதிரி இருந்துச்சு"ன்னா.

பாஸ்வேர்ட் துண்டைக் கிழிச்சுட்டேன். படிக்காமத்தான் கிழிச்சேன். அழகர் உங்கிட்டயே இருக்கட்டும். கோவம் போயிடுச்சுன்னு எழுதினா அது பொய். போகல. அன்னைக்குப் படிக்கட்டுல போனைத் தட்டித் தட்டிப் பார்த்துட்டு, சிக்னல்தான் சரியில்லன்னு அண்ணனைத் திட்டினேன். நீ செஞ்சிருப்பேன்னு நெனக்கவே இல்ல. அதுதான் இன்னும் வலிக்குது.

நான் புதுசா ஒரு ஆளை ஆரம்பிச்சிருக்கேன். மந்திரவாதிதான். ஒண்ணாவது லெவல்ல இருந்து எல்லாம் மறுபடி. றொஹான் "மல்லி, குழந்தையா பொறந்துட்டியா?"ன்னு கேக்குறான். கேட்டுக்கிட்டே என்கூட முதல் லெவல் எலிகளை அடிக்க வர்றான். நுஹாவும் வர்றா. இப்ப பதினொண்ணாவது லெவலுக்கு வந்துட்டேன். எனக்கு ரெண்டு மந்திரத்துக்குத்தான் இடம் திறந்திருக்கு.

நேத்து ஒண்ணு தோணுச்சு. ரெண்டு வருஷமா நீயும் நானும் சேர்ந்து விளையாடுறோம்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம். ஒரு நாள்கூட நாம ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உள்ள இருந்ததில்ல யது. நான் வந்தா நீ வெளிய. நீ வந்தா நான் வெளிய. நீ ஓடுறது எப்படி, பயந்தா எந்தப் பக்கம் திரும்புவே, ஒண்ணும் எனக்குத் தெரியாது. உனக்கும் என்னைத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அஞ்சு மணிக்கு அண்ணன் போன் என் கையில. உங்க அப்பா டெப்பைத் தந்தா உள்ள வா. எதிர்ப்பக்கத்துல நில்லு. உன் பக்கத்துல நிக்க எனக்கு இன்னும் மனசு வரல.

புது ஆளோட பேரைச் சொல்ல மாட்டேன், வந்து கண்டுபிடி. என்ன ரெண்டு மந்திரம் கொண்டு வருவேன்னும் கேட்டு எழுதாதே.

லெவல் கம்மின்னு பாவம் பார்த்து விட்டுக்குடுக்காதே. விட்டுக்குடுத்தா எனக்குத் தெரியும்.

யோகேஸ்வரி