உப்பில்லாத அவரைக்காய்

இன்று காலை வண்டிக்காரரிடம் அவரைக்காய் வாங்கினேன். நார் உரிக்கும்போது விரலில் ஏறிய பச்சை வாசனை உன்னைக் கொண்டுவந்து அடுப்படியில் நிறுத்திவிட்டது. அடுப்படி என்றாலே நம் இருவருக்கும் இடையே நடந்த விசாரணைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அது இன்னும் முடியவில்லை.

ஃபேர்லேண்ட்ஸ் பகுதியிலுள்ள இந்த வீட்டுக்கு நாம் குடிவந்தபோதே உன் சிறுநீரகம் பழுதாகியிருந்தது. சமையலில் உப்பே கூடாது என்றார் மருத்துவர். மீறினால் கால் வீங்கும், பிறகு மூச்சு முட்டும். நீ சமைத்தால் கை தானாக உப்புச் சாடிக்குப் போய்விடும் என்று சொல்லி, கரண்டியை நான் வாங்கிக்கொண்டேன். செய்தி தேடி நாமக்கல், திருச்செங்கோடு என்று அலைந்து, வீட்டில் ஆறிய சோறு மட்டுமே தின்று ஓய்வுபெற்ற நிருபர் நான். எண்ணெய் காயுமுன் கடுகைப் போட்டுவிட்டு, வெடிக்கக் காத்திருந்தேன்.

"எண்ணெய் காயாம அது என்னங்க பண்ணும், உங்களுக்குக் கும்பிடு போடுமா?" என்று நாற்காலியில் சாய்ந்து சிரித்தாய்.

அன்றும் அவரைக்காய்தான்; நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தேன். கடுகு, வரமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, வறுத்துப் பொடித்த கொத்தமல்லியும் சீரகமும் தூவி, கொஞ்சம் தேங்காய்ப்பூவும் போட்டேன். நீ ஒரு வாய் தின்றாய்.

"சப்புன்னு இருக்குதுங்க. தறிக்குப் போடற கஞ்சி இதைவிட ருசிங்க."

தினமும் இப்படி ஏதாவது குறை சொன்னாய். பிறகு ஒருநாள் திடீரென்று நிறுத்திவிட்டாய். புடலங்காய் வைத்தாலும் சுரைக்காய் வைத்தாலும், "நல்லாருக்குதுங்க" என்றாய். எனக்குச் சந்தேகம் அங்கேதான் பிறந்தது. ஓயாமல் புகார் சொன்னவர் ஒரே நாளில் திருப்தியாகிவிட்டால், இடையில் யாரோ அவருக்கு ஏதோ கொடுத்திருக்கிறார்கள். என் தொழிலில் நான் கற்ற பாடம் அது.

உப்புச் சாடியைப் பீரோவுக்கு மேல் ஏற்றினேன். மாடியில் குடியிருக்கும் சரோஜா மேல் கண் வைத்தேன். உன்னைப் பார்க்க அவள் வெறுங்கையோடு வந்ததே இல்லை.

"கையில என்னம்மா?"

"மோருங்கண்ணா."

"உப்புப் போட்டதா?" டம்ளரை வாங்கி முகர்ந்தேன்.

"ஐயோ சாமி! அக்கா, இவரைப் பேப்பர் ஆபீசுல எதுக்கு வெச்சிருந்தாங்க? செக்போஸ்ட்ல நிறுத்தியிருந்தா ஒரு லாரி தப்பிச்சிருக்காதுங்க!"

அவள் சிரித்தாள். எதற்கும் சிரிக்கிற நீ மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஆடி மாதம் உன் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. வீட்டைச் சோதித்தேன். அரிசி டின்னுக்குப் பின்னால் கல்லுப்புப் பாக்கெட் ஒன்று, மூலை கிழிந்து கிடந்தது.

"இது என்ன?"

"மாரியாத்தாளுக்குங்க. உப்பும் மொளகும் கொட்டறதா வேண்டிக்கிட்டேன்."

"ஏன் கிழிஞ்சிருக்கு?"

"எலிங்க."

"எலி உப்புத் தின்னுமா?"

"சாமி காரியத்துலயும் பேட்டி எடுப்பீங்களா?"

அதற்கு மேல் என்ன கேட்பது? உப்புக் கரைவதுபோல நோய் கரையட்டும் என்று அம்மன் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டுவது நம் பக்கத்து வழக்கம். உப்பு ஆகாத உடம்புக்கு உப்பு வாங்கி வைத்திருக்க அதைவிட நல்ல காரணம் கிடையாது. கோயிலுக்குப் போனோம். பாக்கெட்டை நீ கவிழ்த்தபோது உன் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பும்போது முந்தானையால் வாயைத் துடைத்தாய். ஏன் என்றேன். "வேர்வைங்க" என்றாய்.

வீக்கம் எதனால் என்று மருத்துவரைக் கேட்டேன். உப்பாகவும் இருக்கலாம், நோயின் போக்காகவும் இருக்கலாம் என்றார். எந்தப் பக்கமும் பிடிகொடுக்காத அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். அவரும் அப்படித்தான் பேசினார்.

அதற்குப் பிறகு நான் வெளியூர் போகவில்லை. பழைய பத்திரிகையிலிருந்து ஒரு கட்டுரைக்காக நாமக்கல்லுக்குக் கூப்பிட்டார்கள், மறுத்துவிட்டேன். மூன்று வேளையும் எதிரில் உட்கார்ந்து, நீ எடுக்கும் ஒவ்வொரு கவளத்தையும் கண்காணித்தேன். அப்படியே பேச்சும் வளர்ந்தது. மல்லசமுத்திரத்தில் உன் அப்பா நிலக்கடலை போட்ட கதையை எல்லாம் அப்போதுதான் முதன்முறையாக முழுதாகக் கேட்டேன்.

மருத்துவமனையில் கடைசியாக ஒருமுறை கேட்டேன். "இப்பவாச்சும் சொல்லு. உப்புத் தின்னியா, இல்லையா?"

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாய். "சொல்லிப்போட்டா நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்க. நீங்க ஊட்டுல உக்காந்து எம்மூஞ்சியப் பாத்துச் சோறு தின்னதே இந்தச் சந்தேகத்துலதானுங்க."

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. நீயும் கண்மூடும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இன்று மதியம் சரோஜா வந்தாள். அவரைக்காய்ப் பொரியலை ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு, வழக்கம்போலக் கேட்டேன்.

"நீதானே உப்புக் குடுத்தே?"

"அக்கா எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்காங்கண்ணா. என்னை உட்டுருங்க."

சத்தியம் செய்தவர்களையும் பேசவைக்க எனக்குத் தெரியும். அந்த வித்தையை அவளிடம் நான் காட்டுவதில்லை. நாளைக்கும் கேட்பேன். எங்கே சொல்லிவிடுவாளோ என்ற பயத்தோடுதான் கேட்பேன்.