ஆறாம் பக்கத்துப் பென்சில் குறி

பிப்ரவரி 9

துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேடு. நாற்பத்தெட்டுப் பக்கம், இரண்டாம் மெய்ப்பு, பதினோரு பிழை. ஐந்து மணிக்கு முடித்தேன். இயந்திரத்தைப் பற்றி ஏதாவது தெரிந்துகொண்டேனா? இல்லை. ஆறு வருடமாக அச்சகத்தில் இதுதான் வேலை. எழுத்தைப் பார்ப்பேன். பொருளைப் பார்த்தால் கண் வழுக்கிக்கொண்டு பிழையைத் தாண்டிப் போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் கணவன் சட்டைப்பையிலிருந்து மருத்துவமனை ரசீதை எடுத்து மேஜையில் வைத்தான்.

"இந்த ஸ்கேன் பேக்கேஜ்ல வராதாம்."

"எதுதான் வருமாம்?"

"நாம வரலாமாம். அதுக்குக் காசு இல்லயாம்."

சிரித்தோம். குழந்தைக்காகச் செய்த இரண்டாம் சுற்றும் இல்லை என்று ஆகி இரண்டு வாரம். அதற்குப் பிறகு இதுதான் முதல் சிரிப்பு.

பிப்ரவரி 10

எழுதி வைத்தால் தெளியும் என்று தோன்றுகிறது. தொகையை எழுதக் கை வரவில்லை. அத்தனை சுழியம் என் வங்கிக் கணக்கில் ஒருநாளும் நின்றதில்லை. என் சம்பளத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

பேக்கேஜ்: என் பதினாறு மாதச் சம்பளம். முழுதும் முன்கூட்டியே. கருவை உண்டாக்கி உறைய வைப்பார்கள். பிறகு மூன்று முறை கருப்பையில் வைத்துப் பார்ப்பார்கள். மூன்றும் தவறினால் பாதிப் பணம் திரும்ப வரும். அதாவது எட்டு மாதம்.

அந்தப் பதினாறில் எட்டு எங்களுடையது. அவன் பைக், என் வளையல்கள், இருவரின் சேமிப்பு. மீதி எட்டு அண்ணன் கொடுத்தது. மகளின் கல்லூரிக்கென்று எடுத்து வைத்திருந்த பணம். "மே கடைசியிலதான் கட்டணும். அதுக்குள்ள ஏதாவது ஒண்ணு ஆயிடும், விடு," என்றார்.

ஏதாவது ஒன்று. குழந்தை, இல்லாவிட்டால் பணம். குழந்தை வந்தால் கடன் வாங்கித் தருவோம் என்றோம். சந்தோஷமான கடன் என்றான் இவன்.

பேக்கேஜில் வராதவை, இதுவரை: ஊசி மருந்து, மூன்று மாதச் சம்பளம். உறைய வைத்ததைக் காக்க வருடக் கட்டணம், அரை மாதம். மயக்க மருந்து. ஸ்கேன்கள், எண்ணுவதை விட்டுவிட்டேன்.

போன ஜூலையில் நான்கு கரு கிடைத்தது. இரண்டு போயிற்று. மூன்றாவது மார்ச்சில். நான்காவது கையிருப்பு. தேர்வறையில் கூடுதல் தாள் வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி ஒரு தெம்பு.

பிப்ரவரி 24

ஊசி ஆரம்பம். அவன் லிஃப்ட் மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ் போகவே போகாது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தான்.

"ஆடாதடி."

"நான் எங்க ஆடறேன்? உன் கைதான் ஆடுது."

"மூணு எண்ணினதும் குத்துவேன். ஒண்ணு, ரெண்டு—"

குத்திவிட்டான்.

"மூணுன்னு சொன்னியே!"

"மூணுன்னா நீ இறுக்கிக்குவ."

குளிர்பெட்டிக் கதவின் மேல்தட்டு மருந்துக்கென்று ஆகி ஏழு மாதம். அங்கே வேறு எதுவும் வைப்பதில்லை. யாரும் சொல்லி வந்த பழக்கம் இல்லை.

மார்ச் 16

மூன்றாவது, இன்று. திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி. "அவ்வளவுதான், முடிஞ்சுது," என்றார் மருத்துவர். அவ்வளவுதானா என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

வெளியே பேக்கேஜ் அக்காவைப் பார்த்தோம். செலவை விளக்குவதற்கென்று மருத்துவமனை உட்கார வைத்திருக்கும் பெண். அவர் வாயில் பேக்கேஜ் வராத வாக்கியம் கிடையாது. பெயரை நாங்களே வைத்தோம். போன வருடம் எட்டுப் பக்க ஒப்பந்தத்தைக் கொடுத்தபோது நான் அங்கேயே உட்கார்ந்து, பழக்கதோஷம், பென்சிலால் ஏழு இடத்தில் குறி போட்டுக் கொடுத்தேன். "யாரும் இதப் படிக்கறதே இல்லமா, நீங்க திருத்தியே கொடுத்துட்டீங்களே!" என்று பக்கத்து மேஜைக்கெல்லாம் காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"எப்படி இருக்கீங்க, திருத்தற மேடம்?" என்றார் இன்றும்.

இறங்கும்போது அவன் லிஃப்ட்டின் சுவரில் காதை வைத்துக் கேட்டான். "கயிறு தேஞ்சிருக்கு. யாராவது சொல்லணும்."

மார்ச் 19

தும்மிவிட்டேன். பயந்து உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 30

இல்லை.

மார்ச் 31

விடுப்பு. அவனும் போகவில்லை. நன்றாக இருந்த குளியலறைக் குழாயைக் கழற்றிப் பழுது பார்த்தான். இப்போது ஒழுகுகிறது.

ஏப்ரல் 2

பணத்தைத் திரும்ப வாங்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்கப் போனோம். பேக்கேஜ் அக்கா கோப்பைப் பிரித்தார். முகம் மாறியது. நல்ல பெண். நடிக்கத் தெரியவில்லை.

"உங்களுக்கு இன்னும் ஒண்ணு ஃப்ரீசர்ல இருக்கேமா."

"ஆமா, நாலாவது. அது இருக்கட்டும்."

"அது இருக்கற வரைக்கும் ரீஃபண்ட் வராதும்மா. பேக்கேஜ் விதி அது. ஒண்ணு, உள்ள வெச்சுப் பாக்கணும். இல்லன்னா வேண்டாம்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்."

நான்காவது முறை பேக்கேஜில் வராது. மருந்தோடு சேர்த்து இரண்டு மாதச் சம்பளம். அதையாவது புரட்டலாம். ஆனால் மூன்று முறை தவறினால் இரண்டு மாத ஓய்வுக்குப் பிறகுதான் அடுத்ததை வைக்க முடியும் என்று மருத்துவர் முன்பே சொல்லிவிட்டார். பணத்துக்கு மனுப்போட, முடிவு தெரிந்த நாளிலிருந்து நாற்பத்தைந்து நாள்தான். மே 14. அதைத் தாண்டினால் எட்டு மாதமும் போச்சு.

"எங்க எழுதியிருக்கு?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஆறாம் பக்கம், நான்காம் விதி. எல்லாம் தெளிவாகவே இருந்தது. விதியின் ஓரத்தில் ஒரு பென்சில் குறி. இரண்டு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இடைவெளி விடவும் என்று.

என் கை.

ஏப்ரல் 3

எங்கள் பிரிவின் மூத்தவர் முப்பது வருடம் மெய்ப்புப் பார்த்தவர். எந்தப் பேச்சையும் "சரி, அவ்வளவுதான்" என்று முடிப்பதால் அச்சகத்தில் அவருக்கு அவ்வளவுதான் சார் என்று பெயர். மதிய இடைவேளையில் ஒப்பந்தத்தின் நகலைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"குறி சரியாத்தான் போட்டிருக்க."

"சார்."

"எழுத்தப் பாத்துட்ட. வாக்கியத்தப் பாக்கல. எனக்கும் இதே வியாதிதாம்மா. என் வீட்டுப் பத்திரத்துல நாலு பிழை பிடிச்சுக் கொடுத்தேன். பாதை பக்கத்து வீட்டுக்காரனுக்குன்னு எழுதியிருந்தது கண்ணுல படல. இன்னைக்கும் அவன் வாசல் வழியாத்தான் நுழையறேன்."

சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். என்னால் முடியவில்லை. அவர் அவ்வளவுதான் என்றும் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் 8

சண்டை.

நான்தான் ஆரம்பித்தேன். திட்டு, ஒரு வார்த்தை திட்டிடு என்றேன். "நானும்தானே கையெழுத்துப் போட்டேன்," என்றான். "நீ படிக்கவே இல்ல. நான் படிச்சேன். படிச்சுட்டுக் கோட்ட விட்டேன். முட்டாள் எவ? நான்தானே?" என்றேன். கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது.

"நீ படிச்சதாலதான் நான் படிக்கல," என்றான் கடைசியில். திட்டினால் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

அப்பவே படிச்சிருந்தா மட்டும் என்ன பண்ணியிருப்பேன்? கையெழுத்துப் போட்டுத்தான் இருப்பேன். வேற வழியே இல்லியே.

ஏப்ரல் 15

மருத்துவரைக் கேட்டேன். நான்காவதன் தரம் கொஞ்சம் குறைவு என்றார். எவ்வளவு? "நூத்துக்குப் பதினஞ்சு சொல்லலாம்."

எண்பத்தைந்து என்று அவர் சொல்லவில்லை. நானே கழித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 19

அண்ணி பேசினாள். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, மகள் ஆசைப்பட்ட படிப்பு, மே முப்பதுக்குள் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "உனக்குத் தெரியட்டும்னு சொன்னேன். கேக்கறதுக்குப் போன் பண்ணலடி," என்றாள்.

"தெரியுது அண்ணி."

"உங்கண்ணன் கேக்கவே மாட்டாரு. அதான் நான் பேச வேண்டியதாயிருக்கு. கெட்ட பேரு எனக்குத்தானே எப்பவும்."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் பிப்ரவரியிலேயே பேசியிருப்பேன்.

ஏப்ரல் 20

அண்ணன் மகளிடமிருந்து செய்தி: "அத்தை, அம்மா பேசினாங்கன்னு கேள்விப்பட்டேன். கண்டுக்காதீங்க. நான் ஒரு வருஷம் கழிச்சு சேந்துக்கறேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. உங்க பாப்பா முதல்ல வரட்டும்."

பதினேழு வயது. சிறுமியாக இருந்தபோது பல் விழுந்தால் என்னிடம்தான் ஓடி வந்து காட்டுவாள்.

மூன்று முறை படித்தேன். இந்த முறை எழுத்தைப் பார்க்கவில்லை.

மே 5

"நாலாவத வெச்சுக்கலாம்," என்றான் அவன். சட்டை மாற்றாமல், ஸ்பேனர் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றுகொண்டே பேசினான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருக்கிறான். "இன்னும் ரெண்டு கட்டடம் எடுத்துக்கறேன். உங்கண்ணன்கிட்ட நான் பேசறேன். ஒரு வருஷம்தானே?"

நான் அண்ணன் மகளின் செய்தியைக் காட்டினேன். படித்தான். போனை மேஜையில் கவிழ்த்து வைத்தான்.

பிறகுதான் பையை இறக்கினான்.

மே 6

அவன் கேட்டது: "அதுக்குத் தெரியுமா?"

"எதுக்கு?"

"ஒண்ணுமில்ல. விடு."

மே 11

போனோம்.

வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் இரண்டு பக்கப் படிவம். முதல் முறை பொருளைப் படித்தேன். இரண்டாம் முறை எழுத்தை. பிழை இருந்தது, இரண்டு. பென்சிலை எடுக்கவில்லை. பேக்கேஜ் அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருவரின் கையொப்பம்" என்ற இடத்தில் அவன் முதலில் போட்டான். பேனாவை என்னிடம் கொடுக்கும்போது மெதுவாக, "ஒண்ணு, ரெண்டு," என்றான். மூன்று சொல்லவில்லை. போட்டுவிட்டேன்.

லிஃப்ட்டில் ஏறவில்லை. நான்கு மாடியும் படியில் இறங்கினோம். யாரிடமோ சொன்னானாம் கயிற்றைப் பற்றி. மாற்றவில்லையாம்.

மே 27

எட்டு மாதப் பணம் வந்து சேர்ந்தது. ஒரு மணி நேரம் எங்கள் கணக்கில் இருந்தது. அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன்.

அண்ணன் போனில் எடுத்த எடுப்பிலேயே, "எதுக்கு இப்ப? உனக்குத் தேவைப்படுமே," என்றார்.

"தேவைப்படாதுண்ணா."

அவர் சாப்பிட்டாயா என்று கேட்டார்.

ஜூன் 22

அவள் கல்லூரி வாசலில் நின்று எடுத்த படம் அனுப்பியிருக்கிறாள். பை பெரிதாக இருக்கிறது. அடியில் ஒரு வரி: "அத்தை, நீங்க ஏதாவது விட்டுக்கொடுத்தீங்களா?"

இல்லை, பேக்கேஜ் முடிந்தது என்று எழுதினேன்.

ஜூலை 14

மருத்துவமனையிலிருந்து தபால். உறைய வைத்த கருவைக் காக்க வருடக் கட்டணம், இம்மாதக் கடைசிக்குள். எண்ணிக்கை: ஒன்று.

நின்றபடியே படித்தேன். உட்கார்ந்து படித்தேன். எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். பிழையே இல்லை.

அவன் வருவதற்குள் போன் செய்தேன். இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களோ என்று— சொல்லட்டுமே என்று— எதற்காகச் செய்தேன்?

"ஐயோ, சாரிமா," என்றார் பேக்கேஜ் அக்கா. "சிஸ்டம்ல எடுக்க மறந்துட்டாங்க. கட்ட வேண்டாம். கிழிச்சுப் போட்டுடுங்க."

"அப்போ அங்க இல்லியா அக்கா?"

"இல்லமா, மே மாசமே," என்றார்.

கிழிக்கவில்லை. இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.

அவன் மாலையில் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தான். குளிர்பெட்டியைத் திறந்தவன் அப்படியே நின்றான். கீழே காய்கறி, நடுவில் பால். இடம் இல்லை.

"இங்க வைக்கட்டுமா?" கதவின் மேல்தட்டைக் காட்டிக் கேட்டான்.

"வை."