பூங்காவில் சுற்றிய மின்விசிறி

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால்களும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் நல்லா இருக்கேம்மா என்பாய், அது எனக்கு மனப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமை போனில், பார்க்ல நடந்துகிட்டே பேசறேம்மா என்றாயே, உன் பூங்காவில் மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றியது. கான்வென்ட்டில் படித்த என் காதிலா பூச்சுற்றுவது? அதை அணைத்துவிட்டாவது சொல்லியிருக்கலாம். உன் தம்பியைக் கேட்டேன். மென்று விழுங்கினான். பிறகு, அக்கா வேலைக்குப் போயிட்டு வந்து அப்படியே படுத்துடறா, டாக்டர்கிட்ட போறதையும் விட்டுட்டா, உங்களுக்குத் தெரிஞ்சா கௌரவக் குறைச்சலா நினைப்பீங்கன்னு பயப்படறாம்மா என்று கொட்டிவிட்டான். அவனைக் கோபிக்காதே. என் கௌரவம் என்ன கண்ணாடிச் சாமானா, கைபட்டால் உடைய? சர்க்கரைக்கு மாத்திரை போடுவதை ஊரறியச் சொல்கிறேன், மனசுக்கு மட்டும் முக்காடு எதற்கு?

இது சோம்பல் இல்லை, நோய் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுந்து ஓடு என்று சொல்லமாட்டேன். விழித்ததும் ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சத்தை உள்ளே விடு. குளி. தலை வாராவிட்டாலும் போகிறது (எழுதுவது நான்தான், கையெழுத்தைப் பார்த்துக்கொள்). பிஸ்கட் சாப்பாடாகாது, ஒரு வேளையாவது தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடு. படுக்கும்போது போனை வேறு அறையில் வை, நீ பார்க்காவிட்டாலும் உலகம் சுற்றும். நடப்பதற்குத் துணை வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். உன் அப்பா எத்தனை கெஞ்சியும் வாங்காத கேன்வாஸ் ஷூவை இப்போது வாங்கிவிட்டேன். புடவைக்குக் கீழே வெள்ளை ஷூ! கீழ்வீட்டு வக்கீல் பார்த்துவிட்டு, மேடம் எந்தப் போட்டிக்குக் கிளம்பிட்டீங்க என்றார். பொண்ணோட வாக்கிங் என்றேன். சுற்றுமுற்றும் தேடினார், பாவம்.

கடல்கடந்து அங்கே நீ வேலைவிட்டு வரும் நேரம் இங்கே எனக்குக் காலை. போனைக் காதில் வைத்துக்கொண்டு நீ உன் தெருக்கோடி வரைக்கும், நான் என் தெருக்கோடி வரைக்கும். பேச வேண்டாம், நீ மூச்சு வாங்குவது கேட்டால் போதும். அழத் தோன்றினால் அழு, அதில் நான் பிழை திருத்தமாட்டேன்.

இதெல்லாம் மருந்துக்குத் துணைதான், பதில் இல்லை. இந்த வாரமே டாக்டரைப் பார். மாத்திரையை நீயாக நிறுத்தாதே, மறக்காதே.

நன்றாக இரு. இன்றைக்கு முடியாவிட்டால் நாளைக்கு நன்றாக இரு, அவசரமில்லை. நான் கூப்பிடும்போது போனை மட்டும் எடு.

என் முதுகுக்குப் பின்னால் நீங்கள் இருவரும் தலைமையாசிரியை என்றழைக்கும்,
உன் அம்மா